கூடுதலாக ஒரு வாஷர்

தம்பி மனைவி திங்கட்கிழமை காலையில் போன் செய்தாள். நான் வியாழக்கிழமை மாலைதான் போனேன். இந்த மூன்று நாளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதையும் மறைத்தேன் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. ஏற்கெனவே ஆறு வருஷம் ஒன்றை மறைத்தவள் நான்.

"அண்ணி, நீங்க ஒரு எட்டு வந்து இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்" என்றாள். "ஸ்கூல் வேன் ஓனர் தொழில விடறாராம். வேன இவரையே எடுத்துக்கச் சொல்றாராம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"நல்லதுதானே, எடுத்துக்கட்டுமே."

"என்ன அண்ணி, நீங்களே இப்படிச் சொல்றீங்க? ஒரு வண்டிய எண்ணெய் மாத்தாம கொன்னவரு. இன்னொரு வண்டியக் கையில குடுத்துட்டு நான் நிம்மதியாத் தூங்க முடியுமா? அன்னிக்கு நீங்கதானே கண்டுபிடிச்சுச் சொன்னீங்க?"

வாயில் ஈ போனாலும் தெரியாத மாதிரி நின்றேன்.

"அவருக்கு ரொம்ப ஆசை. வாயத் தொறந்து கேக்க மாட்டாரு, ஆனா ஆசை. நீங்க வேணாம்னா வேணாம். வாங்கிக்கன்னு சொன்னீங்கன்னா நானும் வாய மூடிக்கறேன். வண்டி விஷயத்துல நீங்க சொல்றதுதான் அண்ணி இந்த வீட்டுல."

அது உண்மை. நான் கார் எஞ்சினுக்கான எண்ணெய் வடிகட்டி செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுத் தலைவி. இருபத்துமூன்று வருஷ சர்வீஸ். அங்கே எனக்குப் பெயர் சல்லடை. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனால் கழிவறைச் சுவரில் ஒரு தடவை எழுதியிருந்தது. எழுத்துப்பிழை இருந்தது, திருத்திவிட்டு வந்தேன்.

விஷயம் புரிய வேண்டுமென்றால் வடிகட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எஞ்சினுக்குள் எண்ணெய் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். இரும்புப் பொடி, கரி, தூசி எல்லாம் அதில் சேரும். வடிகட்டி என்பது ஒரு தகர டப்பா, அதற்குள் மடிப்பு மடிப்பாக ஒரு காகிதம். காகிதம் நெருக்கமாக இருந்தால் பொடித் தூசிகூட மாட்டிக்கொள்ளும், ஆனால் எண்ணெய் முக்கி முனகித்தான் போகும். இழை தளர்வாக இருந்தால் எண்ணெய் தாராளமாகப் போகும், கூடவே தூசியும் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் நிற்பதுதான் எங்கள் பிழைப்பு.

இன்னொன்றும் இருக்கிறது. குளிர்ந்த எண்ணெய் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும், காகிதத்தில் புகாது. அந்த நேரத்தில் எஞ்சின் காய்ந்து போகாமலிருக்க டப்பாவுக்குள் ஒரு சின்னக் கதவு வைத்திருப்போம். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் ஸ்ப்ரிங் அமுங்கிக் கதவு திறக்கும், எண்ணெய் வடிகட்டப்படாமலே எஞ்சினுக்குப் போய்விடும். புத்தகத்தில் அதற்குப் பெயர் பைபாஸ் வால்வு. எங்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அது திருட்டு வாசல். எனக்குப் பிடித்த பெயர், ஏனென்றால் எனக்கு அந்த வாசலைப் பிடிக்காது. அழுக்கை உள்ளே விடுவதற்கு நாமே ஒரு கதவு செய்து, அதற்கு ஸ்ப்ரிங்கும் போட்டுக் கொடுப்பதா?

ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு புதுக் காகிதம் கொண்டுவந்தேன். நூறு துகள் வந்தால் தொண்ணூற்றொன்பதைப் பிடிக்கும். அப்போது எங்கள் தயாரிப்பில் இருந்தது தொண்ணூறைத் தாண்டவில்லை. மீட்டிங்கில் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள், டிசைன் பிரிவு ஆளைத் தவிர. எதைக் காட்டினாலும் "ஓட்டம் எப்படி? ஓட்டம் எப்படி?" என்று கேட்பதால் அவருக்கு ஓட்டக்காரர் என்று பெயர்.

"மேடம், பேப்பர் பிரமாதம். குளிர்ல எண்ணெய் ஓட்டம் எப்படி?" என்றார்.

"சோதனை மேடையில அருமையா ஓடுது."

"மேடையில எண்ணெயச் சூடு பண்ணித்தானே விடறீங்க? விடியக்காலம் எஞ்சினுக்கு யாரு சூடு பண்ணிக் குடுப்பா? இந்தப் பேப்பருக்குத் திருட்டு வாசல் சும்மா சும்மா திறக்கும். அப்ப உங்க தொண்ணூத்தொம்பது எங்க போச்சு?"

"ஸ்ப்ரிங்க இறுக்குங்க. திறக்காது."

"திறக்கலன்னா எஞ்சின் பட்டினி கிடக்கும் மேடம். அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும்..."

"பழமொழி வேணாம். நம்பர் இருந்தா சொல்லுங்க."

அவரிடம் நம்பர் இல்லை, என்னிடமும் இல்லை. குளிர் அறையில் வைத்துச் சோதித்தால் நம்பர் கிடைத்திருக்கும். அந்த அறையை வேறு பிரிவு இரண்டு மாதத்துக்குப் பிடித்து வைத்திருந்தது. "அறை கிடைச்சதும் பாக்கலாம்" என்று மீட்டிங்கை முடித்தார்கள். என் காகிதம் அலமாரிக்குள் போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மாதம் காத்திருந்தால் குடியா முழுகிவிடும்? ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது. மதிய இடைவேளையில் என் கையாலேயே ஒரு வடிகட்டி செய்தேன். என் காகிதத்தை மடித்து ஒட்டினேன். திருட்டு வாசலின் ஸ்ப்ரிங்குக்குக் கீழே கூடுதலாக ஒரு வாஷர் வைத்தேன். கட்டைவிரல் நகம் அளவு வட்டத் தகடு, அவ்வளவுதான். ஸ்ப்ரிங் இறுகியது. அதைக் கொண்டுபோய்த் தம்பியின் காரில் மாட்டினேன்.

தம்பி அப்போது சொந்தமாக வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். பழைய வண்டிதான், ஆனால் அவனுக்கு அது ராஜரதம். கண்ணாடி துடைக்க ஒரு துணி, கதவு துடைக்க ஒரு துணி, டயருக்கு ஒரு துணி. மாற்றி எடுத்தால் பெண்டாட்டியாக இருந்தாலும் கோபம் வரும். எண்ணெயையும் தானே மாற்றுவான். மாற்றிய தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பெட்டியில் வைத்திருப்பான்.

"கம்பெனி ஸ்பெஷல். வெளியில யாருக்கும் கிடைக்காது" என்றேன். "எண்ணெய மட்டும் நீ வழக்கம்போல மாத்து. ஃபில்டரத் தொடாதே. ஆறு மாசம் கழிச்சு நானே வந்து கழட்டிக்கறேன்."

ஆறு மாதம் ஓடிய வடிகட்டியை வெட்டி, மீட்டிங்கில் ஓட்டக்காரர் முன்னால் விரித்துப் போட வேண்டும். அதுதான் என் திட்டம். அதை அவனிடம் சொல்லவில்லை. அவன் என்ன கண்டான், அக்கா நமக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள் என்று பூரித்துப்போனான். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களுக்கெல்லாம் பானெட்டைத் திறந்து காட்டினானாம், "எங்கக்கா கையால செஞ்சது" என்று.

மூன்றாவது மாதம் குளிர் வந்தது. அவனுக்கு விடியற்காலை ரயில் சவாரிதான் அதிகம். ஒருநாள் காலையில் போன் செய்தான்.

"அக்கா, ஸ்டார்ட் பண்ணினா ஆயில் லைட் சிவப்பா எரியுது. பத்து எண்ணற வரைக்கும் அணைய மாட்டேங்குது."

"அப்புறம் அணையுதா இல்லையா?"

"அணையுது. சூடானப்பறம் ஒண்ணும் இல்ல. ஆனா முன்னாடியெல்லாம் இப்படி இல்லக்கா. ஃபில்டர ஒரு தடவ மாத்திப் பாக்கட்டுமா?"

அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. சத்தியமாகச் சுருக்கென்றது. ஓட்டக்காரர் முகம்கூட வந்து போனது.

"பழைய வண்டிடா. ஒயர் லூசா இருக்கும். ஃபில்டர்ல கை வச்சே, தெரியும் சேதி" என்றேன்.

"சரிக்கா" என்றான். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் அவன் சரிக்கா என்பான்.

அடுத்த ஐந்தாவது வாரம் நடுப்பாலத்தில் எஞ்சின் இறுகி நின்றது, டிரைவர்கள் பாஷையில் சீஸ் ஆகிவிட்டது. பின்னால் வந்த வண்டிகள் சுதாரித்துக்கொண்டன, சவாரிக்கும் அவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டியை இழுத்துக்கொண்டுபோய்ப் பட்டறையில் போட்டார்கள். நான் ஆபீஸிலிருந்து நேரே அங்கே போனேன். தம்பி, அவன் மனைவி, ஸ்டாண்டு டிரைவர்கள் இரண்டு பேர், பட்டறைக்காரர் எல்லோரும் பானெட்டைச் சுற்றி எழவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள்.

"பேரிங்குக்கு எண்ணெயே போகலம்மா. காஞ்சு உருகிப்போச்சு" என்றார் பட்டறைக்காரர். "ஏன் போகலன்னு ஃபில்டர வெட்டிப் பாத்தா தெரிஞ்சுடும்."

"நான் பாத்துக்கறேன். எங்க கம்பெனி ஃபில்டர்தான்" என்று சொல்லி நானே கழற்றினேன். சூடுகூட முழுதாக ஆறவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இதை நான் திருட்டு என்றுதான் சொல்வேன், வேறு பெயர் இல்லை.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். படித்தவள், இதே தொழிலில் இருப்பவள், ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார்கள். நான் தம்பியிடம் திரும்பினேன்.

"கடைசியா எண்ணெய் எப்படா மாத்தினே?"

"போன மாசம்தான்க்கா. நோட்டுல இருக்கு பாரு." ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்துவந்து விரித்துக் காட்டினான். வரிசையாகத் தேதி, கிலோமீட்டர், தேதி, கிலோமீட்டர். நீல மையில் குட்டிக் குட்டி எழுத்து.

நான் அதைப் புரட்டினேன். பிறகு சொன்னேன்: "எல்லாம் ஒரே மையா இருக்கே. ஒரே நாள்ல உக்காந்து எழுதின மாதிரி இருக்கு."

அந்த நோட்டின் முதுகில் ஒரு நூல் கட்டியிருந்தது. நூலின் நுனியில் ஒரு நீலப் பேனா தொங்கிக்கொண்டிருந்தது. தொலைந்துபோகக் கூடாதென்று அவன் கட்டி வைத்த பேனா. எப்போது எழுதினாலும் அதே பேனா, அதே மை. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

அவன் காதெல்லாம் சிவந்துபோனது. நோட்டை மூடினான். அவன் மனைவி, "இத்தன நாளா என்கிட்டயும் பொய்தானா?" என்று கேட்டாள். டிரைவர்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள். சல்லடை ஊசியைப் பார்த்து உனக்கு ஓர் ஓட்டை இருக்கிறது என்றதாம். எனக்குப் பெயர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை.

மறுநாள் சோதனைக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த டப்பாவை வெட்டினேன். எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய வண்டியின் காகிதம் எப்படி இருக்குமென்று எனக்கு மனப்பாடம். தார் பூசின மாதிரி கறுத்துப் பிசுபிசுக்கும். இது அப்படி இல்லை. கடைசி நாள் உருகிய பேரிங்கின் பளபளப்பான பொடி மேலே ஒட்டியிருந்தது. அதைத் துடைத்தால் அடியில் காகிதம் வெளிர் பழுப்பு. ஒழுங்காக எண்ணெய் மாற்றிய வண்டியின் காகிதம். அவன் நோட்டில் இருந்தது எழுத்துக்கு எழுத்து நிஜம். கெட்டி எண்ணெய் தள்ளிய தள்ளலில் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. திருட்டு வாசல் திறந்ததற்கு அடையாளமே இல்லை. என் வாஷர் அதை ஒழுங்காக மூடி வைத்திருந்தது.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு என்று நினைத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்தேன். ஒரு மாதம் போனபின், இப்போது சொன்னால் ஏன் ஒரு மாதம் சொல்லவில்லை என்ற கேள்வி வரும் என்று பயந்தேன். ஒரு வருஷம் போனபின் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. வெட்டிய வடிகட்டியை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மீட்டிங்கில் என் காகிதத்தைப் பற்றி நானே பேச்செடுக்கவில்லை. நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்து ஓட்டக்காரர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயையும் குடித்தேன்.

தம்பி காரை உடைக்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு ஸ்கூல் வேனுக்குச் சம்பள டிரைவராகப் போனான். நண்பன் ஒருவன் கூட்டாக ஒரு கார் எடுக்கலாம் என்று கூப்பிட்டபோது, "எனக்கு வண்டி பாத்துக்கற பொறுப்பு கிடையாதுப்பா" என்று சொல்லிவிட்டானாம். வீட்டில் அது ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. எதை மறந்தாலும் "எண்ணெய் மாத்தின கதைதான்" என்பாள் அவன் மனைவி. அவன் மகளுக்கு அப்போது ஏழு வயது. வளர வளர அவளும் கற்றுக்கொண்டாள். "அத்தை, எங்கப்பாகிட்ட தொட்டிச் செடியக் குடுத்தாகூட சீஸ் ஆயிடும்" என்றாள் ஒருநாள். எல்லோரும் சிரித்தோம். தம்பியும் சிரித்தான். நானும்தான் சிரித்தேன். என் வாயில் மண்ணைப் போட!

இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது, அவனுக்கு ஒரு வேன் வந்திருக்கிறது, நான் ஒரு வார்த்தை சொன்னால் அது அவன் கைக்கு வரும். திங்கட்கிழமை முழுக்க யோசித்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு வழி கிடைத்தது. உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை. "போனது போகட்டும், இப்ப பொறுப்பாயிட்டான், எடுத்துக்கட்டும்" என்று சொன்னால் போதும். அவனுக்கு வேன் கிடைக்கும், எனக்கு மானம் மிஞ்சும். எவ்வளவு நல்ல அக்கா! புதன்கிழமை அதையே நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். வெள்ளிதானே கடைசி நாள் என்று வியாழக்கிழமை கிளம்பினேன். கிளம்பும்போது ஏனோ இழுப்பறையைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் பையையும் கைப்பையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

நான் போனபோது மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். தம்பி வேனில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, சமையலறையில் நின்று காஸ் அடுப்பைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, அடுப்புக்கு போட்டோவா?" என்றேன்.

"வா அக்கா. காஸ மூடிட்டேன், அதான்" என்று போனைச் சட்டைப்பையில் வைத்தான். முன்பக்கம் கொஞ்சம் நரைத்திருந்தது. எனக்குத் தம்பி என்றால் எப்போதும் சின்னப் பையன்தான், நரை பார்த்தால் யாரோ மாதிரி இருந்தது.

தம்பி மனைவி மூன்று பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆரம்பியுங்கள் என்று கண்ணால் ஜாடை காட்டினாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"வேன் விஷயம் சொன்னா இவ. பழச எல்லாரும் மறந்துடுங்க. மனுஷன்னா தப்பு செய்யறதுதான். இப்ப அவன் பொறுப்பாயிட்டான், நல்லா எடுத்துக்கட்டும்."

சொல்லி முடித்ததும் எனக்கே என் வாய் கசந்தது. தம்பி டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தான்.

"காலைலயே வேணாம்னு சொல்லிட்டேன்க்கா."

"என்னது? நாளைக்குத்தானேடா கடைசி நாள்?"

"நீ திங்கக்கிழமையே வருவேன்னு இவ சொன்னா. வரல. செவ்வாய், புதன் வரல. அக்காவுக்கு இஷ்டமில்ல, எப்படிச் சொல்றதுன்னு தவிக்கறாங்கன்னு புரிஞ்சுது. ஒன்ன ஏன் சங்கடப்படுத்தணும்? அதான் நானே சொல்லிட்டேன். வேற டிரைவர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருந்தாரு, உடனே கைய நீட்டிட்டாரு. மத்தியானமே பேசி முடிச்சாச்சு. எனக்கு அதே சம்பளம்தான், ஒண்ணும் குறையல."

"எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாள் அவன் மனைவி. அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான், ஆனால் அவன் ஆசையும் அவளுக்குத் தெரியும்.

"நல்லதுதான்" என்றான் தம்பி. "நான் இப்பல்லாம் ரொம்ப ஜாக்கிரதைதான். ஆனா எனக்கே என்ன நம்ப முடியல. இதப் பாரேன்."

போனைத் திறந்து என்னிடம் கொடுத்தான். நான் விரலால் தள்ளிக்கொண்டே போனேன். மூடிய காஸ் அடுப்பு. பூட்டிய கதவு. வேனின் எண்ணெய்க் குச்சி, எஞ்சினில் முக்கி எடுத்து எண்ணெயின் அளவு தெரியும்படி. மூடிய தண்ணீர்க் குழாய். மறுபடி பூட்டிய கதவு. எண்ணெய்க் குச்சி. எண்ணெய்க் குச்சி. அணைத்த விளக்கு. மகளின் படம் எங்கேயோ ஒன்று வந்தது, அதற்குப் பிறகு மறுபடியும் எண்ணெய்க் குச்சி. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"எத்தனைடா இருக்கு?"

"எண்ணல. ஆறு வருஷமா எடுக்கறேன். நோட்டுல எழுதினா ஒரே நாள்ல எழுதினதுன்னு ஆயிடுதில்ல? படம் எடுத்தா தேதியோட இருக்கும்." குத்திக்காட்டுகிற தொனியே இல்லை. கருவி எப்படி வேலை செய்கிறது என்று விளக்குகிற மாதிரி சொன்னான்.

போனைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தேன். பிளாஸ்டிக் பையைப் பிரித்து, வெட்டிய டப்பாவையும் சுருண்ட காகிதத்தையும் வாஷரையும் டீத் தம்ளர்களுக்கு நடுவே வைத்தேன். வைத்த வேகத்தில் வாஷர் உருண்டு அவன் பக்கம் போனது. அவன் அதைப் பிடித்தான்.

"உன் கார்ல இருந்தது" என்றேன். "நீ எண்ணெய் மாத்தியிருக்கே. இந்தப் பேப்பரப் பாரு. மாத்தலன்னா இது கறுத்திருக்கணும். மறுநாளே வெட்டிப் பாத்தேன், மறுநாளே எனக்குத் தெரியும். கையில வச்சிருக்கியே, அந்த வாஷர நான்தான் வச்சேன். எங்க ஆபீஸ்ல ஒருத்தர ஜெயிக்கறதுக்காக உன் வண்டியச் சோதனைக்கு எடுத்துக்கிட்டேன். குளிர்ல எண்ணெய் போகாம எஞ்சின் காஞ்சுபோச்சு. சிவப்பு லைட் எரியுதுன்னு நீ சொன்னப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. உன்ன அடக்கிட்டேன். நோட்டுல பேனா கட்டியிருந்ததப் பாத்தேன். பாத்துட்டுத்தான் எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னேன்."

தம்பி மனைவி நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்தாள். தம்பி காகிதத்தை எடுத்து மடிப்புகளை விரல் நுனியால் பிரித்துப் பார்த்தான். ஒவ்வொரு மடிப்பாக, கிழியாமல், பொறுமையாகப் பிரித்தான். வண்டியைத் துடைத்த அதே கை.

"அப்ப நான் மாத்தினேனா?" என்றான்.

"மாத்தினடா."

"அந்த நோட்டுல இருந்ததெல்லாம் நெசம்தானா?"

"என்கிட்ட ஏன்டா கேக்கற? நீதானே எழுதினே?"

"நான்தான் எழுதினேன்." வாஷரை மேசையில் வைத்து ஒரு விரலால் அழுத்திக்கொண்டான். "ஆனா போகப் போக எனக்கே சந்தேகம் வந்துடுச்சுக்கா. நீ சொன்னா தப்பா இருக்காதே. ஒருவேள நான்தான் ஒரு நாள் உக்காந்து மொத்தமா எழுதிட்டு மறந்துட்டேனோன்னு. படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாப்பேன். எண்ணெய மாத்தினது ஞாபகத்துல இருக்கும். இதுவும் நானா கட்டிக்கிட்ட கதையோன்னு இருக்கும். ஒரு நாள் நோட்டக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

நான் அழுதேன். ஆறு வருஷமாக அழாததற்கும் சேர்த்து அழுதேன். மன்னித்துவிடு என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது நினைவில்லை.

"அழாதக்கா. உன் மேல எனக்குக் கோவம் வருது, பயங்கரமா வருது. ஆனா அத அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். பிறகு மனைவியிடம் திரும்பி, "கேட்டியா? நான் மாத்தியிருக்கேன்" என்றான்.

"கேட்டேன்" என்றாள் அவள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானும் என்னென்ன பேசிட்டேங்க."

"அந்த வேன்காரர்கிட்ட நான் பேசறேன். இப்பவே போய்ப் பேசறேன்" என்று எழுந்தேன்.

"அது ஆகாதுக்கா. அந்த ஆளு சாவியே வாங்கிட்டாரு. நாளையிலேர்ந்து அவருதான் எனக்கு முதலாளி."

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்பார்கள், எனக்கு வாலும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமையே வந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். அவன் கையமர்த்திவிட்டான். வீட்டுக்குக் கிளம்புகிறேன் என்று பையை எடுத்தேன், அந்த இடத்தில் ஒரு நிமிஷம்கூட இருக்க முடியவில்லை.

"எங்க போற? உக்காரு" என்றான். என்னிடம் அவன் அப்படி அதட்டிப் பேசியதே இல்லை. உட்கார்ந்தேன். "பொண்ணு ஆறு மணிக்கு வந்துடுவா. அவகிட்டயும் ஒரு தடவ சொல்லிட்டுப் போ."

காத்திருந்தோம். டீயில் ஆடை படிந்தது. அவன் வாஷரை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தான், சின்னது, நகத்தோடு நின்றுவிட்டது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் செருப்பைக் கழற்றி எறியும் சத்தம் கேட்டது. "அத்தை வந்திருக்காங்களா!" என்று கத்திக்கொண்டே மகள் உள்ளே வந்தாள். மேசையில் கிடந்த டப்பாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவிடம், "என்னப்பா, இன்னிக்கு எத சீஸ் பண்ணீங்க?" என்றாள்.

தம்பி சிரிக்கவில்லை. அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தான். போனை எடுத்தான், வீடியோவுக்கு மாற்றினான், என் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"முதல்லேர்ந்து சொல்லுக்கா" என்றான். "தேதியோட இருக்கட்டும்."

நான் குழந்தையைப் பார்த்தேன். பிறகு அந்தச் சின்னக் கண்ணாடிப் புள்ளியைப் பார்த்தேன்.

"உங்க அப்பா எண்ணெய மாத்தியிருந்தாரு" என்று ஆரம்பித்தேன்.